மிதிக்க வருபவள்

ஜெர்மனியின் எர்ட்ஸ் மலைப் பனியில் இரண்டு சக்கரங்கள் நிற்காது. அதனால் நவம்பரில் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஒற்றைச் சக்கர சைடுகாரை மாட்டுவதும் ஏப்ரலில் கழற்றுவதும் டீட்மாரின் வழக்கம். சைடுகார் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயைப் பிரித்துச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஆயில் வழிந்து உள்ளே காற்று புகுந்துவிடும். காற்று இருந்தால் பெடல் தொங்கும். அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் குந்தி, காற்று வெளியேறும் திருகைத் திறந்து மூட.

மிதிக்க வருபவள் எதிர்வீட்டு ரோஸ்வீத்தா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பதினோரு வருடமாக, ஆண்டுக்கு இரண்டு பிற்பகல். அவன் "அழுத்துங்க" என்பான். அவள் "அழுத்தியாச்சு" என்பாள். அவன் திருகைத் திறக்க, ஆயில் வடியும் ஜாடிக்குள் குமிழிகள் எழுந்து அடங்கும்வரை இருவரும் பார்த்திருப்பார்கள். திருகை மூடிவிட்டு "விடுங்க" என்பான். அதுவரை அவள் கால் பெடலில்தான். பிறகு ஆளுக்கொரு துண்டு கசகசா கேக், காபி. நவம்பரில் அவள் போனதும் அவன் ஏப்ரலை நினைக்கத் தொடங்கிவிடுவான்.

இந்த வருடம் அவனுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு, பழைய பட்டறை நண்பன் லுட்ஸ் ஒரு புது இணைப்பு வாங்கித் தந்தான். குழாயின் நடுவில் பொருத்துவது. இழுத்தால் இரண்டு பாதியும் தாமாகவே மூடிக்கொள்ளும், அழுத்தினால் சேர்ந்துகொள்ளும், காற்று புகாது. அக்டோபரில் லுட்ஸே வந்து அதைப் பொருத்தி, காற்றை எடுக்க மிதித்தும் கொடுத்தான்.

"இனிமே அந்த பஸ்காரம்மாவைப் போய்க் கெஞ்ச வேணாம்டா. ஒத்தை ஆளா முடிச்சுக்கலாம்."

டீட்மார் நன்றி சொன்னான்.

முதல் பனி விழுந்த அன்று சைடுகாரை மாட்டினான். இணைப்பு 'டக்'கென்று சேர்ந்தது. துடைக்கத் துணியோடு காத்திருந்தான். ஒரு சொட்டுகூட விழவில்லை. பெடலைக் கையால் அழுத்தினான். கல் மாதிரி இருந்தது, உள்ளே காற்றே இல்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து, பிற்பகல் முழுவதும் மீதமிருந்தது. காலையில் பழக்கத்தில் வாங்கிய இரண்டு துண்டு கேக் பொட்டலமாக ஜன்னலோரம் இருந்தது. நாளை ரோஸ்வீத்தா மூன்று சக்கரங்களைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஏப்ரலிலும் கேட்கமாட்டாள்.

உள்ளே போய், பெடல் தொங்குகிறது, வர முடியுமா என்று போனில் கேட்டான்.

கம்பளிக் குல்லாயோடு வந்தவள் வண்டியில் ஏறி ஒரு முறை மிதித்தாள். இன்னொரு முறை மிதித்தாள். குனிந்து அந்தப் புது இணைப்பைப் பார்த்தாள்.

"இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டின கால் இது, டீட்மார். இதுல காத்து இல்லை."

அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "தெரியும்" என்றான்.

கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. அவள் சைடுகாரின் இருக்கையை எட்டிப் பார்த்தாள்.

"இதுல யாரை உக்கார வச்சு ஓட்டுறீங்க?"

"உருளைக்கிழங்கு மூட்டை."

"பதினோரு வருஷமா உருளைக்கிழங்குக்காகவா மிதிச்சேன்?"

அவள் இறங்கிப் போய்விடுவாள் என்று அவன் காத்திருந்தான். இறங்கவில்லை. காலைப் பெடலில் வைத்தாள்.

"அழுத்தியாச்சு" என்றாள்.

அவன் சக்கரத்தடியில் குந்தினான். திறக்கத் தேவையில்லாத திருகின்மேல் ஸ்பானரை வைத்தான். இனிச் சொல்ல வேண்டியது "விடுங்க" என்ற ஒரு சொல்தான். அதை அவன் நெடுநேரம் சொல்லவில்லை.