சரிவில் மரம் வைத்தவர்கள்

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. மலேசியாவின் பத்து காஜா ஊரிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு நடுவில் மிச்சமிருக்கிற பாலத்தடித் தோட்டத்துக் குடியிருப்புக் குழு, நில விசாரணையில் கொடுப்பதற்காகத் தங்கள் ஊர் வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னது. ஈப்போ நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான். ஒப்புக்கொண்டேன். முதல் வரி இப்படி வந்தது:

நம் முன்னோர் கப்பலேறி வந்து இறங்கியபோது இது ஆளில்லாத வெறுங்காடு. அவர்கள்தான்…

(பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.)

குழுக் கூட்டத்தில் அதை நான் வாசித்ததும், செயலாளர் கலாதேவி கையைத் தூக்கினாள்.

"அண்ணே, வெறுங்காடுன்னா மேல்கம்பத்து ஆளுங்க அப்ப எங்க இருந்தாங்க?"

தலைவர் கனகராஜ், அவளுடைய சொந்த அண்ணன், சிரித்து மழுப்பினார். "எழுதுறவரு எழுதட்டும் லா. நீ நோண்டாத."

வரலாறு அத்தோடு நின்றுபோனது. அங்கிருந்து இந்தக் கதை தொடங்கியது. இனி இது கலாதேவியினுடையது.

2.

கலாதேவிக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் இல்லை. ஈப்போவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. விடியுமுன் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பிறந்ததும் வாழ்வதும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்தான். தோட்டம் கைமாறி, ரப்பர் போய், செம்பனையும் கைமாறி, இப்போது வந்திருக்கிற கம்பெனி லயங்களை இடிக்கப்போகிறது. பதிலுக்குப் புது வீடுகள் தருவதாகச் சொன்னது. இடம்: ஊருக்கு மேலே உள்ள சரிவு.

அந்தச் சரிவு முழுக்க டுரியான் பழ மரங்கள். அதற்கும் மேலேதான் மேல்கம்பம். செமாய் மக்களின் ஊர்.*

* செமாய்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். தோட்டத்து ஆட்கள் அவர்களை ஒரு பழைய வசைச்சொல்லால்தான் குறிப்பிட்டு வந்தார்கள். அது எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை.

சரிவு தன் நிலம் என்றது கம்பெனி. பாட்டன் காலத்திலிருந்து எங்களுடையது என்றார்கள் செமாய்கள். அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து விசாரிப்பார் என்று முடிவானது. தோட்டத்துக்காரர்களின் சாட்சி கம்பெனி பக்கம் விழுந்தால் வீடு உண்டு.

இந்த இடத்தில் கலாதேவிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வீடு வருகிற நேரத்தில் ஒருத்தி ஏன் குறுக்கே நிற்கவேண்டும்? பலமான காரணம் வேண்டுமே என்று நானே ஒன்றைக் கற்பனை செய்தேன்:

[ஒருமுறை வெள்ளத்தில் கலாதேவியின் கைக்குழந்தை அடித்துச் செல்லப்பட்டபோது, மேல்கம்பத்து மினா ஆற்றில் குதித்து…]

அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படி ஒன்னும் நடக்கலண்ணே. மினாவும் நானும் ஒரே வயசு. பழ காலத்துல அவுங்க குடிசையில ஒன்னா உக்காந்து, பழம் எப்ப விழும்னு காத்திருப்போம். அவ்ளோதான். உசுரக் காப்பாத்துனாத்தான் பழகுன பழக்கமா?"

3.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் கனகராஜ் தங்கை வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நாளைக்கு ஒன்னுதான் கேப்பாங்க. சரிவுல யாரு மரம் வச்சதுன்னு. தோட்டத்து ஆளுங்கன்னு சொல்லிரு. நீ செயலாளரு, உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கு."

"நீங்க வச்சீங்களாண்ணே?"

"அப்பா அங்க புல்லு வெட்டியிருக்காரு லா."

"புல்லு வெட்டுனாரு. மரம் வச்சது மினாவோட ஆளுங்க. நீங்களும்தானே அங்க போயி தின்னீங்க?"

கனகராஜ் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"அவுங்களுக்கு மல இருக்கு. நமக்கு என்னா இருக்கு? உங்க அண்ணிக்கு இனிப்புநீர் வியாதில கால எடுத்தாச்சு. கக்கூசு வெளிய இருக்கு. மழையில நான்தான் தூக்கிட்டுப் போறேன். எனக்கு வயசு அறுபத்தி மூணு, கலா. இன்னும் எத்தன மழைக்குத் தூக்குவேன்?"

கனகராஜைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாக நகரும். ஆனால் அந்த மனிதர் மனைவியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துத் தண்ணீரில் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

4.

பொதுமண்டபத்தில் விசாரணை நடந்தது. ஒரு பக்கம் தோட்டத்து ஆட்கள், மறுபக்கம் மேல்கம்பத்து ஆட்கள். மினா முன் வரிசையில் இருந்தாள்.

அதிகாரி மலாயில் கேட்டார். கலாதேவி எழுந்து நின்று மலாயில் பதில் சொன்னாள். அதைத் தமிழில் தருகிறேன்:

"மரங்களை வைத்தது மேல்கம்பத்து ஆட்கள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே அவை பெரிய மரங்கள். அவர்கள் எடுத்துக்கொள் என்று சொன்ன பிறகுதான் நாங்கள் பழம் பொறுக்குவோம். எங்களுக்கு வீடு வேண்டும், ஐயா. கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த இடம் அவர்களுடையது."

பின்னாலிருந்து யாரோ தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். கனகராஜ் எழுந்து வெளியே போனார்.

[இந்த இடத்தில் அவளுடைய நெஞ்சுரம் பற்றி ஒரு பத்தி…]

அந்தப் பத்தியையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துரலாம்னுதான்ணே போனேன். மினா என்னைப் பாக்கவே இல்ல. பாத்து, கண்ணால கெஞ்சியிருந்தா, எனக்குக் கடுப்பாகி, தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்."

5.

சரிவில் வீடு கட்டும் யோசனையைக் கம்பெனி கைவிட்டது. வேறு இடம் எதையும் காட்டவில்லை. குழுவிலிருந்து கலாதேவியை நீக்கினார்கள். கோயில் திருவிழாச் சமையலுக்கு அவளைக் கூப்பிடவில்லை. வேனில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அண்ணன் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அவள் மேல்கம்பத்துக்கு ஏறிப் போனாள். இங்கே எனக்குப் பிடித்த ஒரு முடிவு இருந்தது:

மினா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவர் கண்களிலும்…

நடந்தது வேறு. மினா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வா, உட்கார் என்றாள். பேரப்பிள்ளையின் காய்ச்சல், பாதியில் நிற்கும் குழாய் வேலை என்று என்னென்னவோ பேசினாள். கலாதேவியால் பொறுக்க முடியவில்லை. மலாயில் கேட்டாள்:

"நான் அன்றைக்குச் சொன்னது உனக்குக் கேட்டதா?"

"கேட்டது," என்றாள் மினா. "நீ சொன்னதால் அது எங்கள் இடம் ஆகவில்லை, கலா. அதற்கு முன்னாலும் எங்கள் இடம்தான்."

இன்னொரு கத்தியை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் கிழங்கு உரித்தார்கள்.

"கோவம் வந்துச்சுண்ணே," என்றாள் கலாதேவி என்னிடம். "கூடப் பொறந்தவர விட்டுட்டு நிக்கிறேன், ஒரு நல்ல வார்த்த இல்ல. வீட்டுக்கு வந்து யோசிச்சா, அவ சொன்னது சரிதான். சரின்னு தெரிஞ்சும் கோவம் போகல."

அவள் கோபம் ஒருபுறம் இருக்கட்டும். நன்றி வாங்க அவளைச் சரிவில் ஏற்றி அனுப்பியது என் கற்பனை என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அவளாகத்தான் போனாள்.

6.

சரிவு யாருடையது என்ற அதிகாரியின் தீர்ப்பு இன்னும் வரவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது. கனகராஜின் மகள் ஷாமினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவர் வீடு வீடாகப் பத்திரிகை வைத்துவருகிறார்.

கடைசி பாகத்துக்காக நான் கலாதேவி வீட்டில் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, அவருடைய காடி (இங்கே காருக்கு அப்படித்தான் பெயர்) அந்த லயத்து வரிசைக்குள் நுழைந்தது. இரண்டு முடிவு யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னேன். ஒன்றில் அண்ணன் வருகிறார், மற்றதில் தாண்டிப் போகிறார்.

"நீங்க எழுதி முடிச்சிட்டு ஈப்போவுக்குப் போயிருவீங்க. நான் இதே லயத்துல இருக்கணும். ரெண்டும் வேணாம்," என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து வாசலைப் பார்க்கப் போட்டாள்.

"வந்தா என்னா சொல்வீங்க?"

"தண்ணி குடுப்பேன். அண்ணிய விசாரிப்பேன். அப்புறம், மேல்கம்பத்துக்கு எத்தன பத்திரிகை எடுத்து வச்சிருக்கீங்கன்னு கேப்பேன். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மினா வராம இருந்ததில்ல."

"அதக் கேட்டா எந்திரிச்சிப் போயிருவாரே!"

"போவாரு," என்றாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

பக்கத்து வீட்டில் கனகராஜின் குரல் கேட்டது. நான் இருந்தால் அவர் வாசலோடு திரும்பிவிடக்கூடும். எழுதுகிறவன் முன்னால் எந்த அண்ணன் இறங்கிவருவார்? நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினேன். செம்பனைக்குள் கொஞ்ச தூரம் போனபோது காடியின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஏறிச் சாத்தினாரா, இறங்கிச் சாத்தினாரா என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள். கலாதேவி வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது.