ஆட்சேபனைக் கடிதம் எழுதிக் கொடுத்தவள்

1

இந்தக் கதை ஒரு கடிதத்தில் தொடங்கியது. கையெழுத்து வைத்தவள் மகாதேவி. எழுதியவள் நான். ஆகவே குற்றத்தில் எனக்குப் பாதி, நடையழகைக் கணக்கில் எடுத்தால் முக்கால்.

பருத்தித்துறையில் நாலு சிறுகதைத் தொகுதி போட்ட ஒருத்தியிடம் ஐந்தாவது எப்போது என்று யாரும் கேட்பதில்லை. தெருவிளக்கு எரியவில்லை, ஒரு மனு எழுதித் தாரும் என்று கேட்பார்கள். என் எழுத்தில் அதிகம் பேர் வாசித்தது, செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலர்களுக்கு நான் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகள்தான். அவற்றில் நான் ஒரு கெட்டவரையும் படைத்ததில்லை.

அந்த வரிசையில்தான் மகாதேவியின் கடிதமும் வந்தது. என் எழுத்தால் உலகத்தில் ஏதாவது மாறுமா என்று இருபது வருடமாக யோசித்திருக்கிறேன். மாறியது. முப்பத்தாறு பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

2

தொடக்கங்கள்:

"கடற்காற்று அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தபோது…" (வேண்டாம். என்னுடைய எல்லாக் கதைகளிலும் இந்தக் காற்று நுழைந்துவிட்டது.)

"மகாதேவிக்குச் சத்தம் பிடிக்காது." (இது பொய். எவ்வளவு பெரிய பொய் என்று பிறகு தெரியும்.)

"ஒழுங்கையின் கடைசியில் இரண்டு வீடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில்." (சரி, இது நிற்கட்டும்.)

மதிலுக்கு இந்தப் பக்கம் மகாதேவி, அறுபத்திரண்டு வயது, தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், தனியாக இருப்பவள். அந்தப் பக்கம் லிற்றில் வேவ்ஸ் இன்ரநாசனல் ஸ்கூல். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று அறைகள், ஒரு சறுக்குமரம், தரம் ஒன்று முதல் மூன்று வரை முப்பத்தாறு பிள்ளைகள். வெளிநாட்டுத் தொடர்பு என்று சொல்ல, நிவேதனா ரீச்சரின் அண்ணை ஒருவர் கனடாவில் இருக்கிறார்.

நிவேதனாதான் அதிபர், ஆசிரியை, சில நாட்களில் கூட்டுகிறவள். தகப்பன் படகோட்டிச் சேர்த்துக் கட்டிய வீட்டின் முன்பாதியைப் பள்ளியாக்கி, பின்பாதியில் தாயோடு இருக்கிறாள். முதலில் நான் அவளைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதினேன். கதைக்கு அது வசதி. கறுப்புக் கண்ணாடி போட்டேன், கைத்தொலைபேசியில் ஆங்கிலத்தில் கத்தவிட்டேன். ஆனால் நேற்று ஒழுங்கையில் பார்த்தபோது, யாரோ ஒரு பிள்ளையின் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வது, கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

3

மகாதேவி என் வீட்டுக் கதிரையின் நுனியில் இருந்தாள். கதிரையை நிறைத்து இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

"தங்கச்சி, நீர் எழுதிறனீர் தானே. ஒரு கடுதாசி எழுதித் தாரும்."

"என்ன கடுதாசி அக்கா?"

"உந்த இன்ரநாசனல் மேல்மாடி கட்டப் போகுதாம். பக்கத்துக் காணிக்காரருக்கு ஆட்சேபனை இருக்கோ எண்டு நகரசபையாலை கேட்டிருக்கினம். இருக்கு எண்டு எழுதும்."

"காரணம் என்ன எண்டு போடுறது?"

"காரணமும் போட வேணுமோ?"

"போடாட்டி எடுபடாது அக்கா."

அவள் என் புத்தக அலுமாரியைப் பார்த்தாள். அதற்குள் ஒரு காரணம் இருக்கலாம் என்பதுபோல.

"அப்ப, சத்தம் எண்டு போடும். பிள்ளையள் கத்துதுகள்."

"உண்மையா அதுதானோ?"

"ஓம்."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஓம். பிறகு எழுதினேன்: "செவியைத் துளைக்கும் இரைச்சலால் எனது முதுமையின் அமைதி நாள்தோறும் சிதைக்கப்படுகிறது." அந்தச் 'சிதைக்கப்படுகிறது'வில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மகாதேவி அதை வாசிக்கவில்லை. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டாள்.

4

கடிதத்தின் பிரதி நிவேதனாவுக்குப் போனது. அவள் கோபப்பட்டிருந்தால் இந்தக் கதை மதிலோடு நின்றிருக்கும். அவள் வெட்கப்பட்டாள்.

மறுநாளே மணி கழற்றப்பட்டது. மணிக்குப் பதிலாக முற்றத்தில் பச்சைக்கொடி காட்டினார்கள். காலைத் தேவாரம் உதடசைவாகியது. பத்து மணி இடைவேளைக்கு நிவேதனா ஒரு புது விளையாட்டுக் கண்டுபிடித்தாள்: எல்லோரும் மீன்கள், மீனுக்குக் குரல் இல்லை, சத்தம் போட்ட மீன் வலையில் பிடிபட்டு வகுப்புக்குள் போகும். முதல் நாள் மீன்கள் சிரித்துப் பிடிபட்டன. படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, மூன்றாம் நாள் உண்மையான மீன்களாகிவிட்டன.

மதிலுக்கு இந்தப் பக்கம் மகாதேவி, தான் கேட்டது கிடைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

5

இப்போது கிணற்றடிக்குப் போக வேண்டும். (வாசகர் கொஞ்சம் மரியாதையாக வரவும். பெண்கள் குளிக்கும் இடம்.)

மகாதேவியின் கிணறு பள்ளிக்கூட மதிலோடு ஒட்டி இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் தகர மறைப்பு, மேலே வானம். குறுக்குக்கட்டுடன் தினமும் காலை பத்து மணிக்கு அங்கே நிற்பாள். ஏன் ஆறு மணிக்குக் குளித்தால் என்ன என்று கேட்பீர்கள். பத்து மணிக்குத்தான் மதிலுக்கு அப்பால் இடைவேளை. முப்பத்தாறு பிள்ளைகளும் ஒன்றாகக் கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்குள்தான் மகாதேவி தன் வாயைத் திறப்பாள்.

அறுபத்திரண்டு வருடம் யாருக்கும் எதிர்த்துச் சொல்லாதவள். மச்சாளுக்குச் சொல்லாத பதில், பஸ்ஸில் இடித்தவனுக்குச் சொல்லாத பதில் எல்லாம் வாளியோடு வாளியாகக் கிணற்றடியில் வெளியே வரும். முக்கியமாகத் தபாலதிபர் கனகரத்தினத்தாருக்கு. நேரில் 'ஐயா' என்று அழைத்தவரை, முதல் வாளியில் 'நீர்' என்பாள். சவர்க்காரம் போடும் கட்டத்தில் 'நீ'.

அந்த மனிதர் முப்பது வருடத்துக்கு முந்தி ஒரு கடுதாசியை எழுதி அவள் முன் வைத்தார். தொலைந்துபோன பார்சல் ஒன்றைத் தபாற்காரர் சுபாஸிடம் ஒப்படைத்ததாக அதில் இருந்தது. அவள் ஒப்படைக்கவில்லை. ஆனாலும் கையெழுத்து வைத்தாள். சுபாஸுக்கு வேலை போனது. அன்றிலிருந்து மனதுக்குள்ளும், ஓய்வு பெற்ற பிறகு கிணற்றடியில் வாய்விட்டும், ஒவ்வொரு நாளும் அவள் அந்தக் கையெழுத்தை வைக்க மறுத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே அவள் ஒரு நாளும் தோற்றதில்லை.

மேல்மாடி வந்தால், மேல்மாடி யன்னல் நேரே இந்தக் கிணற்றடியை, அவள் தனியே நின்று ஏசுவதைப் பார்க்கும். இதுதான் ஆட்சேபனை. இதை நகரசபைக்கு எப்படி எழுதுவது? அதனால் சத்தம் என்று போட்டாள். தன்னை மூடி வைத்திருந்த ஒரே திரையைத் தானே கிழித்துவிடச் சொல்லி விண்ணப்பித்தாள்.*

* இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பாதி அவள் பிறகு சொன்னது. மீதி நான் போட்டது. என்னிடம் கிணறு இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள் நானும் சிலருக்குப் பதில் சொல்வதுண்டு. தண்ணீர்க் கட்டணம் ஏன் இவ்வளவு வருகிறது என்று வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

6

மூன்று நாள் மகாதேவி வாய் திறக்காமல் குளித்தாள். அது குளிப்பல்ல, நனைவு. தலை துவட்டும்போது நெஞ்சுக்குள் ஏதோ காயாமல் கிடந்தது.

நாலாம் நாள் மதிலுக்கு அப்பால் ஒரு தும்மல்கூட இல்லை. சுற்றுலா போய்விட்டார்களாக்கும் என்று நினைத்தாள். கீரிமலைக்கோ எங்கோ. சுற்றிவரப் பார்த்தாள். முதல் வாளி, இரண்டாம் வாளி. பிறகு மூன்று நாள் பாக்கியெல்லாம் சேர்ந்து வந்தது.

"வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறன் எண்டு நினைச்சியோ? உன்ரை கடுதாசியிலை நான் கையெழுத்து வைக்க மாட்டன்! ஒருக்காலும் வைக்க மாட்டன்! போ வெளியிலை!"

வாளியைக் கிணற்றுக்கட்டில் ஓங்கிக் குத்தினாள். நல்ல சத்தம். கனகரத்தினத்தார் பதினாறு வருடத்துக்கு முந்தியே இறந்தவர், இன்னொரு முறை இறந்திருப்பார்.

மதிலுக்கு அப்பால் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ரீச்சர், அங்கை ஓர் அன்ரி கையெழுத்து வைக்க மாட்டாவாம்."

"ஷ்! தாரிகா, மீன் கதைக்காது."

மகாதேவி சவர்க்காரத்தோடு அப்படியே நின்றாள். ஈரத்திலும் முகம் சுட்டது. (இங்கே ஒரு காகத்தைக் கொண்டுவந்து கிணற்றுக்கட்டில் இருத்த நினைத்தேன். தேவையில்லை. அவள் தனியாகவே நிற்கட்டும்.)

7

பின்னேரம் நிவேதனா ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்தாள். அழுது முகம் கழுவியிருந்தது தெரிந்தது.

"அன்ரி, மணியையும் கழட்டிப் போட்டன். பிள்ளையளை மீனாக்கிப் போட்டன். இனியும் என்ன செய்யிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"இல்லைப் பிள்ளை, அது உன்னை…"

"உங்களிலை பிழை சொல்லேல்லை. ஆனா தரம் மூண்டிலை ஒன்பது பேர் இருக்கினம். தை மாதம் நாலாம் தரத்துக்கு ஏறினா அதுகளை இருத்த ஒரு அறை இல்லை. மாடி வராட்டி ஒன்பதையும் வேறை இடத்துக்கு அனுப்ப வேணும். தாரிகா வரேக்கை வாயே திறக்காத பிள்ளை அன்ரி. இப்பத்தான் கொஞ்சம் கதைக்கிறாள். வேறை இடத்திலை கொண்டுபோய் விட்டா…"

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள்.

"இண்டைக்கு நீங்கள் ஏசினதிலை நானே பயந்து போனன். உங்களுக்கு உப்பிடி ஒரு குரல் இருக்கெண்டு தெரியாது."

அந்த அவமானத்தின் நடுவில் மகாதேவிக்கு ஒரு துளி பெருமை வந்தது. (இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் 'தெரியாது எண்டவள்' என்று இரண்டு முறை சொன்னாள்.)

"நாளையண்டைக்கு நகரசபை ஆக்கள் இடம் பாக்க வருகினம் அன்ரி."

"அப்ப இடையிலை ஒரு நாள் இருக்கு, நாளைக்குப் பின்னேரம் வா பிள்ளை. சொல்லுறன்."

என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் பழச் சீப்போடு நேரே என்னிடம் வந்தாள்.

8

"கிணத்தடியிலை நான் கொஞ்சம் கதைக்கிறனான்," என்றாள்.

"ஆரோடை அக்கா?"

"கனகரத்தினத்தாரோடை."

மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு பழத்தை உரித்து, சாப்பிடாமல், என் மேசையில் வைத்தாள்.

"நீர் அதை வடிவா எழுதித் தாரும். நான் கையெழுத்து வைச்சு அந்தப் பிள்ளையிட்டைக் குடுக்கிறன்."

இங்கே வாசகருக்குச் சில முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, மேசன் முடிவு. யன்னலை உயரத்தில் வைக்கலாம். யன்னலுக்குப் பதிலாகக் காற்று மட்டும் வரும் பூக்கல் வைக்கலாம். கிணற்றுக்கு மேலே தகரம் போடலாம். எல்லாம் நடக்கக்கூடியவை. ஆனால் எதைக் கேட்பதானாலும் ஏன் என்று சொல்ல வேண்டும். யன்னலை மட்டும் மாற்றினால் போதாது, பத்து மணிச் சத்தமும் திரும்பி வர வேண்டும். அதற்கும் அதே ஏன்.

இரண்டாவது, நிவேதனா தானாகவே ஊகித்துவிடுகிறாள். கண்களால் பேசிக்கொள்கிறார்கள். (என் முதல் தொகுதியில் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் கண்களால் பேசினார்கள். இருபது வருடமாகிறது, ஒருத்தியின் பிரச்சினையும் தீரவில்லை.)

மூன்றாவது, மகாதேவி ஆட்சேபனையை வாபஸ் வாங்குகிறாள். மாடி எழும்புகிறது, ஒன்பது பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவள் குளியலறைக்குள் சத்தமில்லாமல் குளிக்கிறாள். ஊர் அவளை நல்ல மனுசி என்கிறது. என் கையால்தான் அவளுடைய நினைவு மலரும் எழுதப்படும்: "யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்."

அவள் எழுதச் சொன்னதை விட்டு, இந்த மூன்றாவதை நான் எழுதியே விட்டேன். ஒரு பக்கக் கடிதம், இதமான சொற்கள். பேனாவை அவளிடம் நீட்டியபோது, எங்கே கையெழுத்து என்று கேட்டாள். வாசிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறர் எழுதிய பொய்யில் இந்தப் பெண் வாழ்க்கையில் இரண்டு முறை கையெழுத்து வைத்திருக்கிறாள். ஒன்று கனகரத்தினத்தார் எழுதியது. மற்றது நான் எழுதிய சத்தக் கடிதம். அவருக்கு என் அளவுக்கு நடை வராது என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வித்தியாசம்

(இந்த வசனத்தை முடிக்க விருப்பமில்லை.)

கடிதத்தைக் கிழித்தேன்.

"அக்கா, நான் எழுத மாட்டன்."

"ஏன்?"

"நீங்களே வாயாலை சொல்லுங்கோ."

"எனக்கு வராது தங்கச்சி."

"கிணத்தடியிலை வருது தானே."

அவள் என்னைக் கோபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. நாளைக்கு அவளுடைய முதல் வாளியில் கனகரத்தினத்தாருக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன் என்று விளங்கியது. உரித்த பழத்தை எனக்கு விட்டுவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

9

இன்றுதான் அவள் சொன்ன அந்த 'நாளைக்கு'. பின்னேரம் நாலு மணிக்கு நிவேதனா வருவாள். மகாதேவி அவளிடம் ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். அது 'நான் ஏசினது உன்னை இல்லைப் பிள்ளை' என்று தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

எந்தப் பெரிய வசனத்தையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்காமல் நேரில் சொல்ல முடியாது. சொல்லிப் பார்க்க அவளுக்கு உலகத்தில் ஒரே இடம்தான் இருக்கிறது.

இப்போது பத்து மணி. மதிலுக்கு அப்பால் பச்சைக்கொடி அசைகிறது. முப்பத்தாறு மீன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீந்துகின்றன. மதிலுக்கு இந்தப் பக்கம் மகாதேவி குறுக்குக்கட்டுடன், வாளியைப் பிடித்தபடி நிற்கிறாள். வாயைத் திறந்து மூடுகிறாள். மீன்போல.

என்னால் இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. நான் சத்தம் போட்டால் அது மறுபடியும் என்னுடைய வசனமாகிவிடும். நீங்கள் போடலாம். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு கதிரையை இழுங்கள், ஒரு பாட்டை முணுமுணுங்கள், பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் கத்த விடுங்கள். அவள் ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிக்கும் வரைக்கும், தயவு செய்து, யாராவது கொஞ்சம் சத்தம் போடுங்கள்.