உமையாளின் இழை

அழகுசுந்தரத்துக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உள்முற்ற வளவுக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார். "காலுல சக்கரமா கட்டியிருக்கீக?" என்று மனைவி மீனாளே கேட்டுவிட்டாள். கேட்க மாட்டாளா? அன்றைக்குப் பிள்ளையார் நோன்பு. மாலையில் விளக்கேற்றியதும் குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பச்சி முத்தப்பன் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மாவில் திரி வைத்துக் கொளுத்திய இழையைக் கையில் தருவார். தீயோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒன்று. பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு.

இதில் என்ன வம்பு என்கிறீர்களா? அழகுசுந்தரத்தின் மகள் உமையாளுக்கு எட்டு வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் கையைத் தன் கை மாதிரி பிடித்துச் செம்பின்மேல் வைப்பாள். "தான்னு ஒண்ணு தெரியாத பிள்ளைக்கு எதுக்கு இழை? வயித்துப் பிள்ளைக்கு எடுக்குற மாதிரி மீனாளே எடுக்கட்டும்" என்று பெரியப்பச்சி தீர்ப்புச் சொல்லி, வருஷா வருஷம் அப்படியே நடந்தது. இந்த வருஷம் மீனாள் நிசமாகவே முழுகாமல் இருக்கிறாள். "மூணு எடுக்க வழக்கம் இல்ல" என்றுவிட்டார் பெரியவர். பிறக்காத பிள்ளைக்கு இழை உண்டு, பிறந்து வளர்ந்தவளுக்கு இல்லை. பெற்ற வயிறு எரியுமா எரியாதா?

போன மாதம் மதராஸில் காட்டிய டாக்டர், ஆட்டிசம் என்று பேர் சொன்னார். "பாக்குறது, கேக்குறது, தொடுறது எல்லாத்தையும் மூளைதான் 'இது நான்'னு சேர்த்துக் கட்டுது. இவளுக்கு அந்தக் கட்டு வேற மாதிரி. எப்படின்னு எங்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடலை. ஆனா உள்ளே ஆளே இல்லைன்னு மட்டும் நினைச்சிடாதீங்க." அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அழகுசுந்தரம் காரைக்குடி வரைக்கும் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தார்.

விளக்கேற்றினார்கள். பெரியப்பச்சி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். மீனாள் இரண்டு எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி நகர்ந்தாள். அடுத்தது அழகுசுந்தரம்.

"முதல்ல உமையாளைக் கூப்பிடுங்க பெரியப்பச்சி."

"கூப்பிட்டா வருமாப்பா அது?"

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

பெரியவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் இழையைக் கொளுத்திக்கொண்டு கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். உமையாள் தூணைத் தடவிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். திரி எரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? நீயே எடுத்துக்க, அணையப் போகுது" என்றார் பெரியவர்.

அப்போதுதான் உமையாள் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தீயின் முன்னே நீட்டினாள். பெரியவர் அந்தக் கையில் இழையை வைத்தார். பழக்கதோஷம், அழகுசுந்தரம் அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். கை போகவில்லை. அந்தச் சின்னப் பிடி அங்குட்டு இழுத்தது. உமையாள் அந்தக் கையைத் தன் முகத்தருகே கொண்டுபோய், தீயை உற்றுப் பார்த்து, லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டாள்.

பெரியவர் தடுமாறினார். "கை உன்னுது, வாய் அவளுது. இதை யாரு எடுத்ததா வச்சுக்கிறது?"

"அவ எடுத்ததா வைங்க." அழகுசுந்தரம் வெறுங்கையை மறுபடி நீட்டினார். "நான் இன்னும் எடுத்துக்கிடலை."

பெரியப்பச்சி மாவைக் கிள்ளி அவருக்கென்று இன்னொரு இழை பிடித்தார்.