இங்கே அழித்தால் அங்கே

றூபெர்ட் சேர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நிஸ்மியா, மிஸ்ஸிமாருக்கும் காசாளர்மாருக்கும் விளங்கிற தமிழில சொல்லுங்க. கொம்பியூட்டர் பாஷை வேணாம்." அவர் எங்கள் தனியார் வைத்தியசாலையின் முகாமையாளர்; மிஸ்ஸிமார் என்றால் எங்கள் தாதிமார். கல்லடியில் பெரிய கிளை, என் மேசை அங்கேதான்; ஏறாவூரில் சின்னது. இரண்டு கிளைகளிலும் நோயாளர் விபரம் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. ஏறாவூரில் ஒருவரைப் பதிந்தால் கண்மூடித் திறப்பதற்குள் கல்லடியிலும் அவர் பெயர் வந்துவிடும். அதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே மருந்தகத்து ஆட்கள் கொட்டாவி விடுவார்கள்.

தமிழ்ச் சொல்லுக்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். இரட்டிப்பு என்றால் சம்பளம் இரட்டிப்பா என்று கேட்பார்கள். ஒத்திசைவு என்றால் பாட்டு வகுப்பென்று நினைப்பார்கள். கடைசியில் 'பிரதி' என்று போட்டேன். இந்த நாட்டில் பிரதி தெரியாத மனிதர் உண்டா? அடையாள அட்டைக்குப் பிரதி, பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதி, அதில் சமாதான நீதவானின் ஒப்பம். மூலம் தொலைந்தாலும் பிரதி கையில் இருந்தால் நிம்மதி. 'ஏறாவூரில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கல்லடியில் ஒரு பிரதி எப்போதும் இருக்கும்' என்று பெரிய எழுத்தில் ஸ்லைடு செய்து, வகுப்புக்கு முதல்நாளே வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குப் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பு அன்று காலை, உதாரணம் காட்டுவதற்காகப் பழைய நோயாளர் ஒருவரைத் தேடினேன். இல்லை. இன்னொருவரைத் தேடினேன். அவரும் இல்லை. மொத்தத்தைப் பார்த்தபோது பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

ஏறாவூரில் பதிவுகளைப் பார்ப்பவர் றிப்ஷான். உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"றிப்ஷான், பழைய ஆக்கள்ர பதிவில கை ஏதும் வச்சீங்களா?"

"ஓம் ராத்தா." அக்கா என்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். குரலில் சந்தோஷம். "கன வருஷமா வராத ஆக்கள் எல்லாரையும் காலையில அழிச்சிட்டன். கொம்பியூட்டர் சரியான ஸ்லோ தானே. உங்கட ஸ்லைடைப் பார்த்தப் பொறகுதான் தைரியம் வந்திச்சி. கல்லடியில பிரதி இரிக்கிதானே?"

ஏறாவூரில் செய்வதையெல்லாம் கல்லடியும் அப்படியே செய்யும். சேர்த்தால் சேர்க்கும், அழித்தால் அழிக்கும். அதை நான் எங்கேயும் எழுதவில்லை. நான் எழுதியதை அந்த மனுஷன் எழுத்துக்கு எழுத்து நம்பியிருந்தார்.

நல்லவேளை, இரவில் தனியாக எடுத்து வைக்கும் பேக்கப் இருந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி எடுக்கலாம், ஆனால் நேரம் பிடிக்கும். அதைத் தொடங்கிவிட்டு மூச்சு விட்டபோதுதான் உண்மையான பயம் வந்தது. அழிந்தவர்களில் ஒருவர் இன்றைக்கு வந்திருந்தால்? புது ஆள் என்று பதிவார்கள். புது ஆளென்றால், அலர்ஜி என்ற கட்டத்தில் எங்கள் கணினி தானாகவே 'இல்லை' என்று போட்டுவிடும்.

மேல் வார்ட்டுக்கு அழைத்தேன். தலைமைத் தாதி கொன்ஸ்டன்ஸ் மிஸ்ஸி எடுத்தார்.

"மிஸ்ஸி, இண்டைக்குப் புது ஆக்கள் ஆரும் வந்தாங்களா?"

"ஒருத்தர்தான் மகள். பனிச்சங்கேணி ஆள், கந்தப்போடி எண்டு பேர். கால்ல மண்வெட்டி பட்டுப் புண் பழுத்து, காய்ச்சல் நெருப்பாக் கொதிக்கிது. டொக்டர் பெனிசிலின் எழுதியிருக்கார். போடப் போறன், போனை வைக்கட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். படிகளில் ஓடினேன்.

கந்தப்போடி கண்ணை மூடியபடி, "வயல் வட்டைக்குத் தண்ணி திறந்தாச்சா?" என்று யாரிடமோ பிதற்றிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி ஊசியோடு குனிந்திருந்தார்.

"போடாதீங்க மிஸ்ஸி. இவர் பழைய ஆளா இருக்கலாம். அலர்ஜி இல்லை எண்டு கிடக்கிறத நம்பேலாது."

டொக்டர் வந்தார். பக்கத்தில் நின்ற மருமகனிடம் கேட்டார். "எனக்குத் தெரியா டொக்டர். முந்தி மாமிதான் ஏறாவூருக்குக் கூட்டி வாற. மாமி இப்ப இல்ல" என்றான் அவன்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "வேற மருந்து டவுணில இருந்து எடுப்பிக்கோணும். அதுவரைக்கும் இந்த மனுஷன் தாங்குவாரோ தெரியாது. உமக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது டொக்டர்."

அவர் ஒரு கணம் என்னை முறைத்துவிட்டு, மருந்தெடுக்க ஆள் அனுப்பினார். நான் கீழே வந்து திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவருக்கு ஒரு அலர்ஜியும் இல்லாமல், நான் தடுத்ததால் அவர் செத்துப்போனால்? தெரிந்ததையெல்லாம் ஓதினேன். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒருவழியாகப் பதிவுகள் திரும்பி வந்தன. கந்தப்போடி, பனிச்சங்கேணி. கீழே சிவப்பெழுத்தில் பெனிசிலின். முன்பு ஒரு தடவை போட்டு மூச்சு நின்று பிழைத்திருக்கிறார். மேலே போன் பண்ணிச் சொன்னேன். டவுண் மருந்து வந்து, மத்தியானத்துக்குப் பிறகு காய்ச்சல் இறங்கிற்று.

றூபெர்ட் சேரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். தொலைந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியது. "சிஸ்டத்தில சின்னக் கோளாறு எண்டு மிஸ்ஸிமாருக்குச் சொல்லிட்டன். அதுக்கு மேல ஆக்களைக் கலங்கடிக்க வேணாம். பின்னேர வகுப்பை நடத்துங்க."

வகுப்பில் நான் ஸ்லைடைத் திறக்கவில்லை. நேராகக் கேட்டேன். "ஏறாவூரில ஒருத்தர்ர பதிவை அழிச்சா, கல்லடியில என்ன நடக்கும்?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஏறாவூரிலிருந்து வந்து கடைசி வரிசையில் குனிந்திருந்த றிப்ஷானின் கை மட்டும் உயரவில்லை. முன்வரிசையில் கொன்ஸ்டன்ஸ் மிஸ்ஸி பெருமையாகச் சொன்னார். "ஒண்டும் நடக்காது மகள். இஞ்ச பிரதி இருக்கும்தானே."

மருந்தகத்து ஆட்கள் தலையாட்டினார்கள். காசாளர்கள் தலையாட்டினார்கள். கதவடியில் நின்ற றூபெர்ட் சேரும் தலையாட்டினார். காலையில் படியேறும்போதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. நம்பியது ஒருவர் என்று நினைத்திருந்தேன். இவர்கள் எல்லோருமே நம்பியிருந்தார்கள்.

"இல்ல மிஸ்ஸி. இஞ்சயும் அழியும். காலையில கந்தப்போடி புது ஆளா வந்தது அதாலதான். கோளாறு ஒண்டும் இல்ல. நான் எழுதினது பிழை. புது ஆளெண்டா அலர்ஜிக்கு 'இல்லை' எண்டு கணினி தானாத்தான் போடும், ஆரும் கேட்டுப் போடுறதில்ல."

றூபெர்ட் சேரின் தலையாட்டல் நின்றது. மிஸ்ஸி உயர்த்திய கையை இறக்கினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் 'இல்லை' எண்டு கிடந்ததைப் பார்த்து நான் ஊசி போட்ட ஆக்கள்?"