வெள்ளையாக விட்ட இடம்

வரைபடத்தில் வெள்ளை நிறத்தைப் போலப் பசப்புக்காரன் வேறு யாரும் கிடையாது. சிவப்பு மிரட்டும், கறுப்பு முறைக்கும். வெள்ளை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பத்து வருடமாக வரைபடம் போடும் அவளுக்கு இது தெரியாமல் இல்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பாள். தகவல் இல்லாத இடத்தை வெள்ளையாக விடாதே, சாம்பல் பூசு, சாய்கோடு போடு, என்ன வேண்டுமானாலும் செய், விட்டால் பார்க்கிறவன் பத்திரமான இடம் என்று நினைத்துவிடுவான் என்று. அப்படி வகுப்பெடுத்தவள் தன் வரைபடத்திலேயே கோட்டை விட்டாள்.

ஆற்றில் தண்ணீர் ஏறினால் எந்தப் பகுதி எவ்வளவு முங்கும் என்று காட்டுகிற வரைபடம் அது. நிலத்தின் உயரத்தை விமானத்திலிருந்து அளந்து கொடுத்திருந்தார்கள். தாழ்வான இடம் அடர் நீலம், மேடு வெளிர் நீலம், நல்ல மேடு வெள்ளை. ரயில் பாதைக்கு அப்பால் இருந்த குடியிருப்பின் மேல் மட்டும் அன்றைக்கு மேகம் கவிந்திருந்ததால் அளவு எடுக்க முடியவில்லை. அதற்குச் சாம்பல் பூசி, நிறங்களுக்கு அர்த்தம் சொல்லும் பெட்டிகளின் வரிசையில் கடைசியாக, ‘தகவல் இல்லை’ என்று ஒரு பெட்டியும் போட்டிருந்தாள்.

தலைமைப் பொறியாளருக்கு அலுவலகத்தில் ‘சுருக்கம்’ என்று பெயர். யார் எதைச் சொல்ல வந்தாலும், “சுருக்கமா சொல்லுங்க” என்பார். வரைபடத்தைப் பார்த்தவுடன் முகத்தைச் சுளித்தார்.

“ஏழு பெட்டி எதுக்கு? ஜனங்க என்ன பரீட்சையா எழுதப் போறாங்க? அந்தச் சாம்பலை எடுங்க, பார்க்கவே அழுக்கா இருக்கு.”

எடுத்துவிட்டாள், அந்த இடம் வெள்ளையாகிவிட்டது. மறுத்துப் பேசியிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அன்றைக்கு அவளுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் விமானம் மறுபடி பறக்கும், அப்போது சரிசெய்துகொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். விமானம் பறக்கவில்லை. வரைபடம்தான் ஊரெல்லாம் பறந்தது.

அந்தக் குடியிருப்பில்தான் அவளுடைய அக்கா இருக்கிறாள். அதுகூடத் தெரியாமலா எடுத்தாள் என்று கேட்டால், தெரியும்தான். ஆனால் கணினித் திரையில் அதன் பெயர் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றில் அக்காவின் தையல் கடையும், இரண்டு பெண் குழந்தைகளும், கொடியில் காயும் துணியும் தெரிவதில்லை.

இன்று மதியம் இரண்டு மணிக்கு மேலணையின் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். ஐந்து மணிக்குத் தண்ணீர் இங்கே வந்துவிடும். கையில் இருந்தவை பன்னிரண்டு பேருந்துகள். சுருக்கம் சுவரில் ஒட்டிய வரைபடத்தின் முன்னால் நின்று, அடர் நீலமாகப் பார்த்து விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். விரல் நாற்பத்தொன்றைத் தாண்டிப் போனபோது அவள் குறுக்கிட்டாள்.

“சார், நாப்பத்தொண்ணுக்கு பஸ் போடலை.”

“அது வெள்ளைதானே?”

“வெள்ளை இல்லை சார். அங்கே அளவே கிடையாது. அந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னீங்களே…”

“சுருக்கமா சொல்லுங்க. முங்குமா, முங்காதா?”

“தெரியாது சார்.”

“தெரியாத இடத்துக்கு பஸ்ஸை அனுப்பிட்டு, தெரிஞ்ச இடத்துல இருக்கிறவங்களைச் சாகவிடச் சொல்றீங்களா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கொடுமையே அதுதான்.

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். நாற்பத்தொன்றைத் தேர்ந்தெடுத்து, இருப்பதிலேயே கறுத்த நீலத்தை அதன் மேல் ஊற்றினாள். அளவு இல்லை, ஆதாரம் இல்லை. பத்து வருடத்தில் தெரிந்தே அவள் போட்ட முதல் பொய் அது. ‘திருத்திய வரைபடம்’ என்று தலைப்பிட்டுப் பொதுமக்கள் பக்கத்தில் ஏற்றினாள், ஒரு பிரதியை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

சுருக்கம் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “அளவு எங்கேயிருந்து வந்துச்சு?”

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு பஸ். அதுக்கு மேல கேக்காதீங்க. நாலே முக்காலுக்கு அங்கேயிருந்து கிளம்பியாகணும். நீங்களே கூடப் போங்க.”

பேருந்தில் ஏறியதிலிருந்து அக்காவின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் அக்கா வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பாலத்தை நெருங்கும்போதுதான் இணைப்புக் கிடைத்தது. இவள் பேசுவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“நீ ஒண்ணும் பயப்படாதேடி. உன் மேப்புல எவனோ நம்ம ஏரியாவுக்கு நீலத்தை அடிச்சுச் சுத்த விட்டிருக்கான். வீட்டைக் காலி பண்ண வச்சுத் திருடற கும்பலா இருக்கும். நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன், நிஜ மேப்பு என்கிட்ட இருக்கு, என் தங்கச்சி போட்டது, யாரு கதவைத் தட்டினாலும் திறக்காதீங்கன்னு.”

“அக்கா, அந்த நீலம் நான்தான்…”

இணைப்புப் போய்விட்டது. அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பேருந்துகள் குடியிருப்பின் முகப்பில் நின்றன. தையல் கடை வாசலில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் அக்கா, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய வரைபடத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “இதோ, அவளே வந்துட்டா. அவகிட்டயே கேளுங்க.”

அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. “ரெண்டும் நான் போட்டதுதான். பழசு தப்பு. இங்கே அளவு எடுக்கவே இல்லை, அதை மறைச்சு வெள்ளையா விட்டுட்டேன். தயவுசெஞ்சு எல்லாரும் பஸ்ல ஏறுங்க.”

“அப்போ எங்க இடம் எவ்வளவு உயரம்?” என்றார் ஒரு பெரியவர்.

“தெரியாதுங்க.”

“தெரியாதுன்னா, நீலம் எதுக்கு?”

“நீங்க வரணும்னுதான்.”

“அதுவும் பொய்தானா?” என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் சிலர் மட்டும் பேருந்தை நோக்கி நகர்ந்தார்கள். மற்றவர்கள், இந்தம்மாவுக்கே எதுவும் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். சொன்னவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே ஆள் இரண்டு வரைபடம் போட்டு இரண்டும் சரியில்லை என்றால் எவன்தான் நம்புவான்?

அக்கா கடை வாசலிலேயே நின்றாள். திட்டியிருந்தால் இவள் தாங்கியிருப்பாள். அக்கா திட்டவில்லை.

“தெரியாதுன்னு அப்பவே எழுதியிருக்கலாமேடி.”

அவ்வளவுதான். பிறகு மளமளவென்று வேலையில் இறங்கினாள். குழந்தைகள் இரண்டு பேரையும் இழுத்து வந்து பேருந்தில் ஏற்றினாள். தானும் ஏறுவாள் என்று இவள் நினைத்தாள். அக்கா இறங்கிச் சந்துக்குள் நடந்தாள்.

“எங்கக்கா போறே? நேரம் இல்லை!”

“நான் சொன்னதை நம்பித்தான் உள்ளே உக்காந்திருக்காங்க. நான் போய்க் கூப்பிடாம வேற யாரு கூப்பிட்டா வருவாங்க?”

முதல் சந்திலிருந்து பதினோரு பேரைக் கொண்டுவந்தாள், இரண்டாவதிலிருந்து ஒன்பது பேரை. நாலே முக்காலுக்கு ஒரு பேருந்து கிளம்பிவிட்டது. இன்னொன்றின் ஓட்டுநர் அதற்கு மேல் ஏழு நிமிடம் காத்திருந்தார். பாவம், நல்ல மனுஷன். பிறகு அவருக்கும் குரல் உடைந்தது. “ஏறுங்கம்மா. உள்ளே இத்தனை குழந்தைங்க இருக்கு, பாலம் முங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“நீங்க போங்க,” என்றாள் இவள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “சித்தி, அம்மாவைக் கூட்டிட்டு வா,” என்று சின்னவள் கத்தியது பேருந்து திரும்பும்வரை கேட்டது.

மூன்றாவது சந்தில் சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து மேலே பொங்கிக்கொண்டிருந்தது. அக்கா இடது வரிசையைத் தட்டினாள், இவள் வலது வரிசையை. அக்கா தட்டிய கதவுகள் திறந்தன. வெளியே வந்தவர்களை ரயில் பாதை மேட்டுக்கு ஓடச் சொல்லிக்கொண்டே அக்கா முன்னால் போய்விட்டாள். இவள் பக்கத்தில் ஒரு கதவுகூட அசையவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. ஒரு வீட்டுக்குள் குழந்தை அழும் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் அறைந்தாள்.

“யாரது?” என்றது உள்ளே ஒரு பெண் குரல்.

“மேப்பு போட்டவ. தப்பாப் போட்டுட்டேன். தண்ணி வந்துடுச்சுங்க, கதவைத் திறங்க!”

“கதவைத் தட்டிக்கிட்டு இப்படித்தான் வருவாங்கன்னு டெய்லரக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க. போயிடு, இல்லைன்னா நடக்கிறதே வேற.”

உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சந்தின் மறுகோடியில் அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் வாயால் சொன்னால்தான் இந்தக் கதவு திறக்கும். “அக்கா! இங்கே வா அக்கா!” என்று இவள் தொண்டை கிழியக் கத்தினாள். தண்ணீரின் இரைச்சலில் அது அக்காவின் காதில் விழவில்லை.