கத்தரிக்கு வைத்த கல்

வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம் அவளுடைய கழுத்து வலியில் உருவானது. கட்டட வேலையில் சித்தாள் அவள். வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரு சட்டி மண் சுமந்து வந்து கொட்டி, கல்லும் கண்ணாடியும் பொறுக்கிப் போட்டுவிட்டு விதை ஊன்றியிருந்தாள். முளைத்ததெல்லாம் விரல் உயரம்தான். பார்க்கிறவர்களுக்குப் புல்.

வீட்டுக்காரருக்கும் புல்தான் தெரிந்தது. சும்மா கிடக்கிற இடம், சிமெண்ட் போட்டால் மாப்பிள்ளை காரை நிறுத்துவார் என்று ஒரு லோடு மணலும் இறக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் புருசன் செங்கல் சூளையில் கல் அறுக்கிறவன். பாத்திக்கு ஒன்றாக, களிமண்ணில் சின்னதாகப் பேர்ப்பலகை செய்து சுட்டுத் தரச் சொன்னாள். கத்தரி, மிளகாய், வெண்டை என்று பேர் போட்டு நட்டால் இது தோட்டம் என்று அந்த மனுசனுக்கு உறைக்கும். கரண்டிக் காம்பு மாதிரி மெல்லிசாக இருக்கட்டும் என்றாள்.

அவனுக்கு மெல்லிசு வராது. மீசை முளைத்த நாள் முதல் ஒரே அச்சு, ஒரே கனம். மெல்லிசாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும் என்று செங்கல் அச்சிலேயே மண்ணை அடித்தான். அழகுக்காகத் தலைப்பக்கத்தைக் கம்பியால் வளைவாக அறுத்தான். பேரைப் பின்பக்கம் ஆணியால் கீறினான். முன்பக்கத்தில்தான் முதலாளியின் மூன்றெழுத்து முத்திரை விழுந்து கிடந்ததே.

ஞாயிறு காலை அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் நட்டு முடித்திருந்தான். முத்திரைப் பக்கம் முன்னால். தொழிலில் அதுதான் முகம்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செடிக்குப் பேர் எழுதச் சொன்னா, சமாதி கட்டி வச்சிருக்கியே."

"புயலடிச்சாலும் சாயாது பாரு."

உண்மைதான். அவள் ஒன்றைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. கடப்பாரையைத் தேடப் போகும்போது வீட்டுக்காரர் டேப்போடு வந்து நின்றார். சாவு ஊர்வலம் எதிரே வந்தால் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்துவிடுகிற ஆள் அவர். மேடு மேடாகப் பாத்தி. தலைமாட்டில் வளைந்த கல். ஒவ்வொன்றிலும் அதே மூன்று எழுத்து. மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"இதெல்லாம்... ஒரே குடும்பமா?"

தன் கல்லைப் பற்றி ஒருத்தர் விசாரிக்கிறாரே என்று புருசனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"எல்லாம் ஒரே சூளையில வெந்ததுங்கய்யா. நானே பக்கத்துல நின்னு வேக வச்சேன்."

டேப் சடக்கென்று சுருண்டு உள்ளே போனது.

அவளுக்கு விசயம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தெளிந்துவிடும். வாயையும் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மணல் குவியல் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு, கண்ணில் விழுந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"அழாதம்மா," என்றார் வீட்டுக்காரர். சாயங்காலமே மணல் போய்விட்டது.

கத்தரி காய்த்ததும் மனசு கேட்காமல் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் பையைப் பார்த்தார். ஒரு படி பின்னால் ஏறினார்.

"அங்க காய்ச்சதாம்மா?"

"ஆமாங்கய்யா."

"நீங்களே சாப்பிடுங்க. அவங்களும் அதத்தான் விரும்புவாங்க."