நாலு மணி சரண்யா

“நாங்க பேசி முடிச்சது இந்தப் பொண்ண இல்லீங்க, போன்ல இருக்குற பொண்ண!” என்று வந்தவாசி சசிகலா கத்திய கத்தலில், பெண் பார்க்க ஆள் வந்தும் தறியை விட்டு எழுந்திருக்காத ராஜவேலுவின் கால் மிதிகட்டையிலிருந்து நழுவியது. “அதுவும் இவதாம்மா, லைட்டு போட்டா அப்பிடித் தெரியறா!” என்று அவர் சம்சாரம் கெங்கம்மாள் அதற்கு மேல் கத்தினாள். இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். ஆரணியில் அந்த வீட்டில் அப்போது இரண்டு சரண்யா இருந்தார்கள். ஒருத்தி பஜ்ஜித் தட்டோடு கூடத்தில் முறைத்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி ஸ்டாண்டில் மாட்டிய போனுக்குள் கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

அப்பா நெய்த பட்டுப் புடவைகளைச் சரண்யா மூன்று வருஷமாகத் தினம் நாலு மணிக்குப் போனில் லைவ் போட்டு விற்றுவந்தாள். ‘வாங்கக்கா, வணக்கம்க்கா, ஒரே பீஸ்தான்க்கா’ என்று தேனாக ஒழுகும். லைட்டை அணைத்தால் போச்சு, தண்ணி வண்டிக்காரன்கூட அந்த வாசலில் ஹாரன் அடிக்கப் பயப்படுவான். சிரிப்பு மொத்தமும் போனுக்கே செலவாகிவிடுகிறது என்று தெருவில் ஒரு பேச்சு, யார் கிளப்பியதோ. அமாவாசைக்கு அங்கே தறி ஓடாது. தறிக்கு லீவு, அதில் ஓடுகிற நாடாவுக்கு லீவு. போனுக்கும் லீவு என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, அதுதான் தப்பு. ஒரு தை அமாவாசையன்று சரண்யா தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்திருக்க, நாலு அடித்ததும் போன் தானாக விழித்து ‘வாங்கக்கா’ என்றது. பதினோரு புடவை போனது. எழுந்து வந்து பார்த்தால், உள்ளே அவளைப் போலவே ஒருத்தி, அதே மாம்பழக் கலர் புடவை, வியர்வை மட்டும் இல்லை. “நல்லதாப் போச்சு, நீயே பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுச் சரண்யா திரும்பப் போய்ப் படுத்தாள். அன்றிலிருந்து நாலு மணிக்கு அவளுக்கு நிம்மதியாக டீ. தெருவில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. அந்த வாரம் பால் விலை ஏறியிருந்தது, பேச அதுவே சரியாக இருந்தது.

வந்தவாசியிலிருந்து ஏழு புடவை வாங்கிய சசிகலா, மகன் கோகுல்ராஜுக்கு லைவிலேயே பெண் கேட்டாள். போன்காரி உடனே ‘அக்கா’வை விட்டு ‘அத்தை’க்கு மாறிவிட்டாள். நேரில் வந்தால், பஜ்ஜியை டொக்கென்று வைக்கிற சரண்யா.

“போவட்டும், போன்ல பேசற மாதிரியே எங்கூட்லயும் பேசிகினு இருந்தா போதும்” என்று சசிகலா கடைசியில் இறங்கி வந்தாள். கெங்கம்மாள் ஜல்தியாகத் தாம்பூலத் தட்டை எடுத்தாள். சரண்யா அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காப்பி கொடுத்தால் ஒரு சிரிப்பு, கோலம் போட்டால் ஒரு சிரிப்பு, ஆயுசுக்கும் நாலு மணி, லைட்டை அணைக்கவே முடியாத வீடு.

“என்னால முடியாதும்மா. தாடை வலிக்கும்.”

“வாய மூடுடி, முப்பது ஆவப்போவுது.”

“நான் வரேன் அத்தை” என்றது ஸ்டாண்டு.

அம்மாவோடு வந்திருந்த கோகுல்ராஜ் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினான். நாலு வருஷமாக வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறவன், மேனேஜரையே கழுத்துக்குக் கீழே பார்த்ததில்லை. “எனக்குச் சம்மதம்” என்றான். வைகாசியில் தாலி ஸ்டாண்டின் கழுத்தில் ஏறியது. சீரில் பவர்பேங்க் இல்லை என்று சசிகலா மூஞ்சியைத் தூக்க, “பரவால்ல அத்தை” என்று மணப்பெண்ணே சமாதானம் செய்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு வேறு வழியில்லாமல் சரண்யாவே புதுப் போன் முன்னால் உட்கார்ந்தாள். “வாங்கறதுன்னா வாங்குங்க. சும்மா ரேட்டு கேட்டுகினு பேஜார் பண்ணாதீங்க. அந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுக்கா, சொல்லிட்டேன்.” கெங்கம்மாள் தலையில் கை வைத்தாள். திட்டு வாங்கவென்றே ஜனம் கூடியது, வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி காலி. லைவில் அவளோடு தினம் மல்லுக்கு நின்ற பெரணமல்லூர் எலக்ட்ரீஷியன் அன்புச்செல்வனைத்தான் மறு வருஷம் கட்டினாள். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கே வந்துவிட்டான். இப்போது அமாவாசைக்குப் போனையும் துணி போட்டு மூடிவிடுகிறார்கள்.

போன்காரி வந்தவாசியோடு சரி, ஆடிக்கு மட்டும் தாய்வீடு வருவாள். கோகுல்ராஜ் சட்டைப் பையில் வைத்து பஸ்ஸில் கூட்டிவருவான், கண்டக்டர் எட்டிப் பார்த்து இரண்டு டிக்கெட் கிழிப்பார். வாசலிலேயே அவளைக் கையில் வாங்கிய கெங்கம்மாள், “இன்னாடி இப்பிடி எளைச்சிட்ட, பன்னெண்டு பர்சன்ட்தான் இருக்கற, ஒம் மாமியா கவனிக்கறாளா இல்லியா?” என்று மூக்கைச் சிந்தியபடி சார்ஜரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள்.